கொதிக்கும் மடிக்கணினி



கோடை பிறந்துவிட்டால் நம் ஊர்ப்பக்கங்களில் தெருமுனையில் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். இங்கே மஹாராஷ்டிரத்தில் கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தில் கட்டியிருக்கும் சலங்கைகளின் ஒலி கேட்கத் தொடங்கும். மனிதன் தன் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ள எத்தனையோ வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறான். ஆனால் அவனோடு இரவு பகலாக உழைக்கும் ஒரு சிறு இயந்திரம் என்ன உஷ்ணத்தில் தவிக்கிறது என்று அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. அது திடீரென்று கண்ணை மூடிக்கொண்ட பிறகே எண்ணிப் பார்க்கிறான். நாம் சொல்வது மடிக்கணினியை. லேப்டாப் என்றால் யாவருக்கும் விளங்கும்.

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் புறநகர் வண்டியில் ஏறினால், பிம்பிரி, சிஞ்ச்வட் நிலையங்களைக் கடந்ததும் வருவது ஆகுர்டி. நாம் குடியிருப்பது இங்கேதான். 1954-ஆம் ஆண்டு பிம்பிரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் ஏற்பட்டது. 1962-இல் மஹாராஷ்டிர அரசு தொழில் வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. அதன் பின்பு இந்தப் பகுதியில் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. வேலை தேடி வந்தவர்களில் தமிழ்நாட்டாரும் உண்டு. அன்று கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவர்களுடைய பிள்ளைகள் இன்று மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய மும்பை நெடுஞ்சாலையும் இவ்வூரின் வழியே செல்வதால் தூசிக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 40 டிகிரியை எட்டிப் பார்ப்பதும் உண்டு. மடிக்கணினிக்கு இவ்விரண்டையும்விடப் பெரிய பகைவர் வேறில்லை.

நமது தொழில் மொழிபெயர்ப்பு. ஒரு மே மாதத்துப் பிற்பகல், விதித்தொகுப்பு ஒன்றை மொழிபெயர்த்து, எழுபத்து நான்காம் பக்கத்துக்கு வந்திருந்தோம். மறுநாள் காலை அதை ஒப்படைக்க வேண்டும். நான்கு அகராதிகளும் ஏழெட்டுக் கோப்புகளும் திரையில் திறந்து கிடந்தன. உள்ளிருக்கும் விசிறி நெல் அரவை மில்லைப்போல இரைந்துகொண்டிருந்தது. இரைச்சல் ஒரு வாரமாகவே இருந்ததால் அதற்கு நம் காது பழகிவிட்டது. விசைகளின் மேல் வைத்த விரல் சுட்டது. மூன்று மணிக்குத் திரை இருண்டது. பதினோரு பக்க உழைப்பு அதோடு போயிற்று. கடைசியாகச் சேமித்தது அறுபத்து மூன்றாம் பக்கத்தில்.

பதறிக்கொண்டு ஒரு கடைக்குப் போனோம். மேசைக்கு அந்தப்புறம் இருந்தவர் மூடியைக்கூடத் திறந்து பாராமல், “மதர்போர்டு போய்விட்டது, பதினெட்டாயிரம் ஆகும்” என்றார். நோயாளியைத் தொட்டுப் பாராமல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் வைத்தியரிடம் நமக்கு நம்பிக்கை உண்டாகுமா? பொருளை எடுத்துக்கொண்டு திரும்பினோம். வரும் வழியில், ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சிறு கடை. இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத மராட்டிய இளைஞர் ஒருவர் திருப்புளியை எடுத்து அடித்தட்டைக் கழற்றினார். ஊதுகுழலால் ஓர் ஊது ஊதினார். சாம்பல் நிறத்தில், கம்பளித் துணியை வெட்டி வைத்ததுபோல ஒரு கற்றை வெளியே வந்து விழுந்தது. “ஆத் தூள் பர்லி ஆஹே” என்றார் அவர்.

இதை மொழிபெயர்க்க அகராதி தேவைப்படவில்லை. உள்ளே தூள் நிறைந்திருக்கிறது என்கிறார். தூசியை மராட்டியில் “தூள்” என்றே சொல்கிறார்கள். ளகரத்தை நம்மைப்போலவே நாவை மடித்து உச்சரிக்கிறார்கள். ஹிந்தியில் அது “தூல்” ஆகிவிடுகிறது. வேற்றூரில் பல ஆண்டுகள் வாழ்ந்தவனுக்கு இத்தகைய சொல் ஒன்று காதில் விழும்போது உண்டாகும் மகிழ்ச்சியே தனி. பதினோரு பக்கங்கள் போன துக்கம்கூட ஒரு கணம் மறந்தது. அவர் வாங்கிக்கொண்ட கூலி அறுநூறு ரூபாய்.

இனி இந்த உஷ்ணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். கணினியின் மூளையாகிய பிராசஸர் என்னும் சில்லில், கோடிக்கணக்கான நுண்ணிய மின் விசைகள் இருக்கின்றன. ஒரு விநாடிக்கு முந்நூறு கோடி முறை என்ற கணக்கில் அவை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் சிறிதளவு மின்சாரம் வெப்பமாக மாறுகிறது. 1946-இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கியது. அதைக் குளிர்விக்கவே தனியாகக் காற்றூதிகள் வைத்தார்கள். நம் மடியில் இருக்கும் கருவியின் சில்லு சாதாரணமாக 15 வாட், பெரிய வேலைக்கான கருவியானால் 45 வாட்டும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். பதினைந்து வாட் என்பது சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் அவ்வளவும் விரல் நகம் அகலமுள்ள ஓரிடத்தில் பிறக்கிறது. அதை அங்கிருந்து உடனுக்குடன் அகற்றாவிட்டால் சில்லு வெந்துவிடும்.

அகற்றும் வழி மிக அழகானது. இட்லிக் கொப்பரையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் கொதிக்கும் தண்ணீர் ஆவியாகி மேலே செல்கிறது. மூடியில் பட்டுக் குளிர்ந்து, மீண்டும் நீராகிச் சொட்டுகிறது. அடியிலிருந்த வெப்பம் ஆவியின் முதுகில் ஏறி மூடிக்குப் போய்விட்டது. மடிக்கணினிக்குள் தட்டையான செம்புக் குழாய் ஒன்று இருக்கிறது. அதனுள் காற்றை அகற்றிவிட்டுச் சில துளி நீரை மட்டும் வைத்து மூடியிருப்பார்கள். காற்றழுத்தம் இல்லாமையால் அந்த நீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். சில்லின் பக்கத்து முனையில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் உள்ள திரி போன்ற அமைப்பின் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போலத் திரும்பி வரும். ஜார்ஜ் குரோவர் என்பவர் 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து காட்டினார். விண்கலங்களுக்காக வளர்ந்த ஒரு கலை இப்போது நம் முழங்காலின் மேல் இருக்கிறது. குழாயின் மறுமுனையில் சீப்பின் பற்களைப்போல நெருக்கமான மெல்லிய தகடுகள். அவற்றின் ஊடே காற்றைத் தள்ளும் சிறு விசிறி. தூசி அடைவது இந்தத் தகடுகளின் இடுக்கில்தான். விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று வெளியேற வழியில்லை. நம் கணினி இரைந்ததன் காரணம் அதுவே.

ஆகுர்டியிலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில் பாஷாண் என்னும் பகுதி இருக்கிறது. அங்குள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தில் 2018-இல் பிரத்யூஷ் என்ற மீக்கணினி நிறுவப்பட்டது. பருவமழையைக் கணிப்பதற்காக அது அமைக்கப்பட்டது. பக்கத்திலேயே உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் 2019-இல் பரம் பிரம்மா வந்தது. அதில் காற்று போதாது என்று, சில்லுகளை ஒட்டியே திரவத்தை ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள். மேகங்களின் போக்கைக் கணக்கிடும் பேரியந்திரத்துக்கும் பள்ளிச் சிறுவனின் கணினிக்கும் கவலை ஒன்றே. வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கணினி சூடாவதெல்லாம் நோயல்ல. வேலை இல்லாதபோது சில்லு நாற்பது, ஐம்பது டிகிரியிலும், கடும் வேலையின்போது எழுபது, எண்பத்தைந்து டிகிரியிலும் இருப்பது இயல்பு. நூறு டிகிரியை நெருங்கினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வண்டியிழுக்கும் மாடு வெயிலில் நடையைத் தளர்த்துவது போன்றது அது. அதற்கு மேலும் ஏறினால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். ஆகவே கணினி மெதுவாகிவிட்டது, புதிது வாங்கவேண்டும் என்று சொல்பவர்களில் பலருக்கு வேண்டியது புதிய கணினியல்ல, ஒரு தூரிகையும் சிறிது பொறுமையுமே.

முதலில் பார்க்கவேண்டியது அதை வைத்திருக்கும் இடம். பெரும்பாலான கருவிகள் அடிவயிற்றிலுள்ள துளைகளின் வழியே காற்றை உள்ளிழுத்து, பக்கவாட்டிலோ பின்புறத்திலோ வெளிவிடுகின்றன. மெத்தையின்மேல், தலையணையின்மேல், மடித்த ரஜாயின்மேல் வைத்தால் அதன் மூக்கைப் பொத்தியதாகும். மடிக்கணினி என்று பெயர் வைத்தவர்கள்மேல் நமக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு. மடி அதற்கு ஏற்ற இடமல்ல. பலகையோ மேசையோ போதும். பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தி வைத்தால் இன்னும் நல்லது. அதற்கென்று விசிறி பொருத்திய தாங்கிகள் கடையில் கிடைக்கின்றன. வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. இரண்டு பழைய நோட்டுப் புத்தகங்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

அடுத்தது, உள்ளே என்ன வேலை நடக்கிறது என்பது. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினால் பணிகளின் பட்டியல் தோன்றும். அதில் சி.பி.யு. என்ற தலைப்பைத் தொட்டால் அதிகம் உழைப்பவர் பட்டியலின் உச்சிக்கு வருவார். இணைய உலாவியில் நாற்பது பக்கங்களைத் திறந்துவிட்டு மறந்திருக்கலாம். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். அதற்குச் சிறிது நேரம் கொடுத்தால் அடங்கிவிடும். நாம் ஒன்றும் செய்யாதிருக்கையில், பெயர் விளங்காத ஏதோ ஒன்று ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தால் சந்தேகிக்க வேண்டும். பிறர் கணினியில் திருட்டுத்தனமாகப் புகுந்து தமக்கு மின்நாணயம் சேர்த்துக்கொள்ளும் நிரல்கள் உண்டு. அத்தகைய விருந்தாளியை வைரஸ் தடுப்பு நிரலைக் கொண்டு வெளியேற்ற வேண்டும். கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது போன்ற எளிய வேலைகளுக்கு, மின் அமைப்பில் பவர் மோடு என்ற இடத்தில் சிக்கனத்தைத் தேர்ந்துகொண்டால் உஷ்ணம் கண்கூடாகக் குறையும்.

மூன்றாவதாக விசிறி. காற்று வெளிவரும் துளையருகே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். விசிறியின் ஓசை கேட்டும் காகிதம் அசையாவிட்டால் வழி அடைபட்டிருக்கிறது. ஓசையே இல்லாவிட்டால் விசிறி நின்றிருக்கிறது. கரகரவென்று உராயும் சத்தம் வந்தால் அதன் அச்சு தேய்ந்துவிட்டது. விசிறியை மாற்றுவதே வழி.

தூசி எடுப்பதை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் கணினியை முழுவதும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுச் செய்யவேண்டும். அடித்தட்டைத் திறக்கத் தெரிந்தவர்கள் பேட்டரியின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். கையடக்கமான ஊதுகருவி போதும். ஊதும்போது விசிறியின் இதழை ஒரு தீக்குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிடில் அது கட்டுக்கடங்காத வேகத்தில் சுழன்று கெட்டுப்போகும். சக்கரத்துக்குக் காற்றடிக்கும் கடையில் கொடுத்து ஊதச் சொல்கிறவர்களை நாம் அறிவோம். அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும்; வேண்டாம். வீடு துடைக்கும் உறிஞ்சு கருவியும் நிலைமின்சாரத்தை உண்டாக்கக்கூடும். எங்கள் பக்கத்தைப்போலத் தூசி மிகுந்த இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் கழிந்ததும் செய்தால் போதுமானது.

தூசி எடுத்தும் சூடு தணியவில்லையா? சில்லுக்கும் அதன்மேல் அமர்ந்திருக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையே தெர்மல் பேஸ்ட் என்ற பசை தடவியிருப்பார்கள். இரண்டு பரப்புகளும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அவற்றினிடையே நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அங்கே காற்று தங்கிவிடும். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு காற்றைவிட ஏறத்தாழப் பதினைந்தாயிரம் மடங்கு வல்லது. ஆகையால் அந்த மெல்லிய காற்றுப்படலம்கூடப் பெருந்தடையாகும். அதை நிரப்புவதற்கே பசை. சில ஆண்டுகளில் அது காய்ந்து வெடித்துவிடும். பழையதைச் சாராயத் திரவத்தால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப்பசை வைக்கவேண்டும். கைபழகாதவர்கள் இதைப் பழுதுபார்ப்பவரிடமே விட்டுவிடுவது உத்தமம்.

அவரிடம் என்ன சொல்வது என்று புதிதாக மஹாராஷ்டிரத்துக்கு வந்தவர்கள் தயங்கலாம். “லேப்டாப் ஃபார் தாப்தோ” என்றால் மிகவும் சூடாகிறது என்று பொருள். “ஆபோஆப் பந்த் படதோ” என்றால் தானாகவே அணைந்துவிடுகிறது. “பங்கா ஃபிரத் நாஹி” என்றால் விசிறி சுற்றவில்லை. இம்மூன்றையும் நாமே சொல்லிவிட்டால், தெரியாதவன் வந்திருக்கிறான் என்று விலையை ஏற்றுவது பெரும்பாலும் குறையும். மூடியை நம் முன்னால் திறந்து காட்டும்படியும் கேட்கலாம்.

செய்யக்கூடாத வைத்தியங்களும் இருக்கின்றன. கொதிக்கும் கணினியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்த ஒரு நண்பரை நமக்குத் தெரியும். வெளியே எடுத்ததும், குளிர்ந்த சொம்பின்மேல் வியர்ப்பதைப்போல அதன் உள்ளுறுப்புகளிலெல்லாம் நீர் முத்துமுத்தாகப் படிந்துவிட்டது. ஈரத்துணி சுற்றுவது மண்பானைக்குச் சரி. ஊருக்குப் போகும் அவசரத்தில், மூடியை மட்டும் மூடிப் பைக்குள் திணித்துவிடுவதும் தவறு. சில கருவிகள் மூடிய நிலையிலும் அரைத்தூக்கத்தில் இருந்துகொண்டு, இணையத்தைத் தேடி விழித்துக்கொள்ளும். ரயிலில் ஒருநாள் முழுதும் பயணம் செய்பவர்கள் முழுவதும் அணைத்துவிட்டுப் பையில் வைப்பதே தகும்.

கடைசியாக ஒன்றைச் சொல்லவேண்டும். இதைச் சொல்லவே இந்தப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டோம்.

எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் கோவில்பட்டிப் பக்கத்து அம்மையார் ஒருவர் தனியாக இருக்கிறார். அவருடைய கணவர் இங்கே தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்துக் காலமானவர். மகள் வெளிநாட்டில். மகள் விட்டுச்சென்ற பழைய மடிக்கணினியில்தான் பேரனின் முகத்தைப் பார்க்கிறார். கணவரின் நிழற்படங்களும் அதில்தான் இருக்கின்றன. ஒருநாள் மாலை நம்மைக் கூப்பிட்டு, “தம்பி, இது கம்ப்யூட்டரா, தோசைக்கல்லா? கையை வைக்க முடியல” என்றார். கட்டிலில், போர்வையின்மேல், மின்கம்பி செருகியபடி அது இருந்தது. இரவு முழுதும் அப்படியே கிடக்குமாம். தூசியாக இருக்கும் என்று நினைத்துக் குனிந்து பார்த்தோம். விரலால் தடவும் தொடுபலகை ஒரு பக்கம் மேலெழும்பி நின்றது. மேசையின்மேல் வைத்தால் கணினி ஆடியது.

அது தூசியல்ல. பேட்டரி வீங்கியிருந்தது. லித்தியம் அயனிப் பேட்டரி முதுமையாலும் இடைவிடாத சூட்டாலும் உள்ளே சிதைந்து வாயுவை உண்டாக்கும். உறை பலூனைப்போல உப்பும். எப்போதும் முழு மின்னேற்றத்தில், சூட்டில் வைத்திருந்தால் இது விரைவில் நேரும். அதைக் குத்தினாலோ அழுத்தினாலோ தீப்பற்றக்கூடும். தண்ணீர் தெளித்து எளிதில் அணைத்துவிடக்கூடிய தீயல்ல அது. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் தீ அபாயம் கருதி ஏறத்தாழ 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தக் கட்டிலில் அம்மையார் தினமும் படுத்துறங்கியிருக்கிறார்.

மின்கம்பியைப் பிடுங்கி, கணினியை அணைத்து, பால்கனியின் சிமெண்டுத் தரையில், எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாதபடி வைத்தோம். அம்மையாரின் முகம் வாடிவிட்டது. “அப்ப படமெல்லாம் போச்சா?” என்று கேட்டார். பேட்டரி வேறு, நினைவகம் வேறு என்பதை அவருக்கு விளக்க ஒரு தம்ளர் காப்பி ஆறும் நேரம் பிடித்தது. மறுநாள் காலை ரயில் நிலையத்துக் கடை இளைஞர் வந்தார். பேட்டரியை அழுத்தாமல், நெம்பாமல், திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தார். நினைவகத்தை வேறொரு பெட்டியில் செருகித் திறந்தபோது, நிழற்படங்கள் யாவும் அப்படியே இருந்தன.

வீங்கிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. அங்கீகாரம் பெற்ற சேகரிப்பு மையத்தில் கொடுத்தோம். புதுப் பேட்டரி போட்டபின், எண்பது விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்திக்கொள்ளும்படி கணினியிலேயே அமைத்தோம். பல நிறுவனங்கள் இப்போது அந்த வசதியைத் தருகின்றன.

படங்களை இரண்டு இடங்களில் நகலெடுத்து, ஒன்றை அம்மையாரின் பீரோவில் வைத்தோம். திரையில் அவை ஒவ்வொன்றாக வந்தன. தொழிற்சாலை வாயிலில் நான்கு பேருடன் கணவர் நிற்கும் படம் வந்ததும், நிறுத்தச் சொன்னார். இடமிருந்து மூன்றாவது ஆள் தூத்துக்குடிக்காரர் என்றும், பொங்கலுக்கு அவர்தான் கருப்பட்டி கொண்டுவருவார் என்றும் சொன்னார். கணினி இப்போது அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையின்மேல், இரண்டு பழைய பஞ்சாங்கங்களின்மீது இருக்கிறது.